உதடு குவியாத மூன்று வாரம்

லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் யாரும் பிரான்சுக்குக் கப்பல் ஏறியதில்லை. பிரெஞ்சு எடுத்தால் மார்க் நிறைய வரும் என்று யாரோ சொன்னதை நம்பி என்னை அந்த வகுப்பில் உட்கார வைத்தார்கள். அதுவே பிழைப்பாகிவிட்டது. பன்னிரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். எல்லோருக்கும் நான் 'மதாம்'.

போன வருடம் மழைக்காலம் முடிந்த சமயத்தில் என் வாயின் இடது ஓரத்தில் சின்னதாக ஒரு வெடிப்பு வந்தது. கடல் காற்று என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினேன். நான்கு நாளில் வலது ஓரமும் வெடித்தது. பிறகு நாக்கு எரிய ஆரம்பித்தது. ரசம் சாதம் வாயில் வைத்தால் தீயைத் தொட்டதுபோல் இருந்தது. கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தால் நாவல்பழம் தின்றவளைப்போல் ஊதா கலந்த சிவப்பு.

யாரிடமும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்புதான் அப்பா வாய்ப்புற்றுநோயில் போனார். அவருக்கும் முதலில் வந்தது கன்னத்தின் உள்பக்கம் ஒரு சின்னப் புண்தான். பல் குத்துகிறது என்று சொல்லி ஐந்து மாதம் மறைத்தார். கடைசி நாட்களில் அவருக்குக் குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றியவள் நான். அவர் புகையிலை போட்டவர், நான் பாக்குகூடப் போட்டதில்லை. இந்த வித்தியாசம் பகலில் தெளிவாகத்தான் தெரிந்தது. நாக்கு எரியும்போது மட்டும் தெரியவில்லை. முதலியார்பேட்டையில் தம்பி வீட்டில் இருக்கும் அம்மாவைப் பார்க்க ஞாயிறுதோறும் போவேன். வாய் வெடித்ததிலிருந்து போகாமல் போனிலேயே பேசினேன்.

வகுப்பு மட்டும் நிற்கவில்லை. பிரெஞ்சில் ஓர் ஒலி உண்டு. உதட்டை 'உ' சொல்வதுபோல் நன்றாகக் குவித்துக்கொண்டு உள்ளே 'இ' சொல்ல வேண்டும். 'நீ' என்பதற்கே அந்த ஒலிதான், அதைச் சொல்லாமல் ஒரு வாக்கியம் நகராது. உதட்டைக் குவித்தால் இரண்டு ஓரமும் பிளந்து ரத்தம் கசிந்தது. அதனால் நான் குவிக்காமல் வெறும் 'தி' என்றே சொல்லியிருக்கிறேன். எனக்கே அது தெரியவில்லை.

ஒரு மாலை வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவியின் அம்மா மாடிக்கு வந்தார். கடற்கரைப் பக்கம் ஒரு விடுதியில் வரவேற்பில் வேலை செய்பவர், விருந்தாளிகளிடம் தினமும் பிரெஞ்சு பேசுபவர்.

"மதாம், தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணு கொஞ்ச நாளா 'தி', 'தி'ன்னு சொல்லுது. நான் திருத்தினா, மதாம் அப்படித்தான் சொல்றாங்கன்னு சண்டைக்கி வருது."

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"வாயில என்னா ஆச்சி? டாக்டர்ட்ட காட்டலியா?"

"ஒண்ணும் இல்லீங்க, வெடிப்பு."

"வெடிப்பு மாதிரி தெரியல. நாளைக்கே போங்க."

அப்போதுதான் அலுவலகத்திலிருந்து வந்த என் கணவர் படியில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் போனதும் உள்ளே வந்து, விளக்குக்குக் கீழே என்னை நிறுத்தி, "வாயத் தொற" என்றார். திறந்தேன்.

"எத்தினி நாளா?"

"மூணு வாரம்."

"எங்கிட்ட சொல்றதுக்கு என்னா?"

"சொன்னா நெசமாயிடும்னு பயமா இருந்துச்சிங்க."

அவர் திட்டவில்லை. மறுநாளுக்கு லீவு சொல்லிவிட்டார்.

கதிர்காமத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக் காத்திருந்தோம். டாக்டர் என் வயதில் பாதிகூட இருக்காத ஒரு பெண். வாயை டார்ச் அடித்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், மூக்கின் இரண்டு பக்கமும் தோல் எண்ணெய்ப் பிசுக்காகச் செதில் விட்டிருந்ததைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார்.

"நேத்து என்னம்மா சாப்ட்டீங்க?"

"சோறு, காரக்குழம்பு. ராத்திரிக்கும் அதுதான்."

"மீன், முட்டை, கறி?"

"அப்பா போனப்பறம் விட்டுட்டேன்." கடைசி மாதங்களில் அப்பா முட்டைப் பொரியல் கேட்டுக் கேட்டு அழுததை டாக்டரிடம் சொல்லவில்லை.

"பால், தயிர்?"

"வயிறு உப்புசமா இருந்துச்சி. பாலு, தயிரு நிறுத்திப் பாருன்னு தெரிஞ்சவங்க சொன்னாங்க. ஏழெட்டு மாசமா பால், தயிர், மோர் எதுவும் இல்ல. டீகூட வெறும் டீதான்."

"கீரை?"

"ஆய நேரம் எங்க டாக்டர்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ரிபோஃப்ளேவின்னு ஒரு வைட்டமின் இருக்கு, பி டூன்னு சொல்வோம். பாலு, முட்டை, ஈரல், கீரையில எல்லாம் இருக்கும். ஒடம்பு அத ரொம்ப சேத்து வெச்சிக்காது, சாப்பாட்டுல வந்துக்கிட்டே இருக்கணும். நீங்க அது வர்ற வழிய ஒண்ணொண்ணா அடைச்சிட்டீங்க. கொறைஞ்சா வாயோரம், நாக்கு, மூக்குப் பக்கம் இப்படித்தான் காட்டும். கூட மத்த பி வைட்டமினும் கொறைஞ்சிருக்கலாம். ரத்தத்துல இரும்புச்சத்தும் பாத்துடுவோம்."

நான் எழுந்திருக்கவில்லை. "அப்ப இது... அது இல்லையே டாக்டர்?"

"எது?"

கணவர்தான் சொன்னார். "இவங்க அப்பா வாய்ப்புத்துல போனாரு டாக்டர்."

டாக்டர் வெளியே நின்ற வரிசையை ஒருமுறை பார்த்தார். பிறகு புதுக் கையுறை போட்டுக்கொண்டு, இன்னொரு தடவை வாயைத் திறக்கச் சொன்னார். கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் அடி, கழுத்து என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அவசரப்படவே இல்லை.

"இல்லம்மா. கட்டியும் இல்ல, வெள்ளைத் திட்டும் இல்ல. மாத்திரை தரேன், தெனமும் சாப்பாட்டுக்கப்பறம் போடுங்க. ரெண்டு வாரத்துல ஆறலன்னா கண்டிப்பா திரும்ப வாங்க. ஆனா ஆறிடும்."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். மயக்கமா என்று கேட்டுக் கணவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். மயக்கமில்லை. மூன்று வாரமாக மூச்சைப் பாதி பாதியாக விட்டுக்கொண்டிருந்தது அங்கே உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டாம் நாளே இன்னொரு பயம். காலையில் சிறுநீர் பளீரென்று மஞ்சளாகப் போனது, புத்தகத்தில் கோடு போடுகிற மார்க்கர் பேனா நிறம். மஞ்சள்காமாலை என்று முடிவுகட்டிவிட்டேன். கணவரை மொட்டை மாடிக்கு இழுத்துப்போய், வெயிலில் என் கண்ணைப் பார்க்கச் சொன்னேன். அவர் பார்த்துவிட்டு, "வெள்ளையாத்தான் இருக்கு" என்றார். நம்பாமல் தெருமுனை மருந்துக் கடைக்குப் போனேன். மெதுவான குரலில் விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரம்மா பில் போடுவதை நிறுத்தவில்லை.

"பி காம்ப்ளெக்ஸ் போடுறீங்களா?"

"ஆமா."

"அப்ப அப்படித்தான் போவும். ஒடம்பு எடுத்துக்கினது போக மீதி. இதுக்கு வாரத்துக்கு ஒருத்தராச்சும் வந்துடுறாங்க."

சாலையில் வரும்போது சிரிப்பு வந்தது. சிரித்தால் வாய் ஓரம் வலித்தது, அதையும் பொருட்படுத்தவில்லை.

நான்கைந்து நாளில் எரிச்சல் குறைந்தது. கணவர் தினமும் மாலையில் டிவி பார்த்துக்கொண்டே முருங்கைக்கீரை உருவிக்கொடுத்தார், காம்போடு கலந்து. தயிரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன், வயிறு ஒன்றும் சொல்லவில்லை. முட்டையை மட்டும் இன்னும் தொட முடியவில்லை. அதற்கு மாத்திரை கிடையாது. இரண்டு வாரத்தில் ஓரம் இரண்டும் மூடிக்கொண்டன.

அதுவரை எழுத்துப் பயிற்சி மட்டும் கொடுத்துவந்த நான், வகுப்பில் உண்மையைச் சொன்னேன். "மூணு வாரம் உங்களுக்குத் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன். வாயி வலிச்சிது." பன்னிரண்டு பேரும் என் உதட்டைப் பார்த்துக் குவித்துச் சொன்னார்கள். அந்த விடுதிக்காரப் பெண்ணின் மகள் மட்டும், "எங்கம்மா சொன்னது சரியா மதாம்?" என்று கவலையோடு கேட்டாள். சரிதான் என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு முதலியார்பேட்டைக்குப் போனேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன்.

"அதுக்கா வராம இருந்த?" என்றாள். "உனக்கும் மாப்ளைக்கும் ஏதோ சண்டை, மறைக்கிறேன்னு நெனச்சிக்கினு இருந்தேன். தெனமும் ஒந்தம்பிகிட்ட போயி பேசிட்டு வாடான்னு பிடுங்கிக்கினு கெடந்தேன்."

"சண்டையெல்லாம் இல்லம்மா."

"நாக்க நீட்டு."

வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப்போய்ப் பார்த்தாள். இடது பக்கம், வலது பக்கம், பிறகு மறுபடி இடது பக்கம். டாக்டரைவிட அதிக நேரம் பார்த்தாள். பிறகு என் தாடையை விட்டுவிட்டு, "தயிர நிறுத்தச் சொன்னது யாரு, அவங்க பேரச் சொல்லு" என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்குள் போனாள்.