சிட்டாவின் நான்காவது கால்

சாலையில் பள்ளம் தோண்டினால் அதைச் சுற்றித் தடுப்பு வைக்க வேண்டும். சிவப்புத் துணி கட்ட வேண்டும். இருட்டினால் விளக்கு எரிய வேண்டும். வேலை முடிந்த கையோடு மூட வேண்டும்.

இது விதி. திண்டிவனத்தில் என் வீட்டு கேட்டுக்கு நேர் எதிரே தோண்டிய பள்ளத்துக்கு மட்டும் இது பொருந்தவில்லை. ஏனென்று கேட்டேன். "தற்காலிகப் பள்ளம் சார்" என்றார்கள். நிரந்தரப் பள்ளம் என்று தனியாக ஒன்று உண்டா என்ன?

தோண்டிய அலுவலகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். பென்ஷன் வாங்குகிறவனுக்கு எல்லா அலுவலகமும் வேண்டும்.

அந்தப் பள்ளத்தில்தான் சிட்டா காலை விட்டது.

சிட்டா எங்கள் நாய். நாட்டு ரகம், செம்மண் நிறம். வருவாய்த் துறையில் ஆயுளைக் கழித்தவன் வீட்டு நாய்க்கு வேறு என்ன பெயர் வைப்பது? நடப்பது என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. கேட் கொக்கி 'டங்' என்றால் போதும்... பால்காரரோ, போஸ்ட்மேனோ, விலாசம் மாறி வந்தவரோ – பாய்ந்து போய் வரவேற்று உள்ளே அழைத்து வந்தாக வேண்டும். அன்றைக்கு போஸ்ட்மேன் தெருமுனையில் திரும்பும்போதே பாய்ந்தது. முன்னங்கால் பள்ளத்துக்குள்.

என் மனைவி சரோஜா அதை மடியில் போட்டுக்கொள்ள, வாடகைக் காரில் விழுப்புரம் போனோம். அங்கேதான் எக்ஸ்ரே எடுக்கும் கால்நடை டாக்டர் இருக்கிறார். சின்னப் பெண். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"மெல்லிய விரிசல்தான் சார். தானா கூடிடும். கட்டு போடறது என் வேலை. படுக்க வெக்கறது உங்க வேலை. ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது. குதிச்சா எலும்பு விலகிடும். அப்புறம் ஆபரேஷன், பிளேட்டுனு சென்னைக்கு அலையணும். அப்பவும் பழைய ஓட்டம் வருமானு சொல்ல முடியாது."

சிட்டா குதிக்காமலா? காற்றை வீசாதே என்று சொல்வது போல.

வீடு திரும்பியதும் சரோஜா பழைய கட்டில் பலகை ஒன்றை இழுத்துப் போய்ப் பள்ளத்தின் மேல் போட்டாள்.

"பொது இடத்துல தனியார் கை வைக்கக் கூடாது" என்றேன்.

"யாராவது கேட்டா காத்துல பறந்து வந்துச்சுனு சொல்லிக்கிறேன். நீங்க உள்ள போங்க."

நான் பலகை போடும் ரகமில்லை, மனு போடும் ரகம். அன்றே பொருள், பார்வை எல்லாம் போட்டு மனு எழுதி, ஒப்புகை அட்டையோடு தபாலில் சேர்த்தேன்.

அடுத்து, வீட்டு நிர்வாகம். சிட்டாவுக்குப் பின்கட்டு அறை ஒதுக்கப்பட்டது. கதவு சாத்தப்பட்டது. கேட்டில் என் கையெழுத்திலேயே ஓர் அட்டை தொங்கியது: 'நோயாளி பூரண ஓய்வில் உள்ளார். பார்வையாளர்கள் தவிர்க்கவும்.'

இங்கேதான் சறுக்கினேன். நம் ஊரில் ஒரு வீட்டில் நோயாளி இருக்கிறார் என்று தெரிந்தால் என்ன செய்வார்கள்? தவிர்ப்பார்களா?

முதலில் எதிர்வீட்டு டெய்லர் அந்தோணி. கையில் ஹார்லிக்ஸ் பாட்டில்.

"போர்டு பாத்தேன் சார். மனசே கேக்கல. நெஞ்சு வலியா?"

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா. நாய்க்குக் கால் அடிபட்டிருக்கு."

அந்தோணி என்னை மேலும் கீழும் பார்த்தார். "எதுக்கும் டெஸ்ட் எடுத்துப் பாத்துடுங்க சார். மூஞ்சி வாடிக்கீது." ஹார்லிக்ஸை வைத்துவிட்டுத்தான் போனார்.

பிறகு ஆரஞ்சு வந்தது. இளநீர் வந்தது. விழுப்புரத்திலிருந்து பழைய சகா ஒருவர் போன் செய்து, நான் எடுத்ததும், "யாரு பேசறது?" என்றார் – துக்கம் கலந்த குரலில். உண்மை தெரிந்ததும் கூட்டம் குறைந்ததா? இரட்டிப்பானது. சிட்டா தெருவுக்கே சொந்தமாயிற்றே. ஒருவர் பொறை வாங்கி வந்தார். ஒருவர் பிரண்டைத் துவையல். ஆட்டுக்கால் சூப் ஒரு தூக்கு நிறைய. "புத்தூர் கட்டு போட்டுடலாமே சார்" என்று யோசனை சொல்லாதவர் பாவம் செய்தவர்.

ஒவ்வொரு வருகைக்கும் கேட் 'டங்'. ஒவ்வொரு 'டங்'குக்கும் பின்கட்டு அறைக்குள் 'தொம்'. சாத்திய கதவின் மேல் சிட்டா பாய்கிற சத்தம்.

"யாரையும் உள்ள விடாத" என்று சரோஜாவிடம் கத்தினேன்.

"பாக்க வந்தவங்கள வாசல்லயே திருப்பி அனுப்பச் சொல்றீங்களா? நாளைக்கு நமக்கு ஒண்ணுன்னா எவன் வருவான்?"

ஆனி அமாவாசையன்று பகலில் 'தொம்' சத்தத்தோடு ஓர் அலறலும் கேட்டது. ஓடிப் போய்த் திறந்தேன். கட்டு நழுவிக் கிடந்தது. சிட்டா என்னைப் பார்த்த பார்வை... வேண்டாம்.

மறுபடியும் விழுப்புரம். படம் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "நல்ல காலம், விலகல. ஆனா இன்னொரு தடவை இப்படிக் குதிச்சா நான் பொறுப்பில்ல சார்."

வீடு வந்தால், வாசலில் வேன். சரோஜாவின் தங்கை, மரக்காணத்திலிருந்து, குடும்பத்தோடு. மாதம் தவறாமல் அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிறவர்கள்; வழியில் எங்கள் வீட்டில் காபி. கூடத்தை அடைத்து உட்கார்ந்திருந்தார்கள். சிட்டாவைக் கையில் ஏந்திக்கொண்டு பின்கட்டுக்கு வழி தேடினேன். கால் வைக்க இடமில்லை.

"இங்க குடுங்க மாமா" என்று கொழுந்தியாள் வாங்கித் தன் பக்கத்தில் பாயில் கிடத்திவிட்டாள்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிட்டா தலையைத் தூக்கியது. சுற்றிலும் பார்த்தது. எல்லோரும் இருக்கிறார்கள். எல்லோரும் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்கள். வரவேற்க ஆளில்லை. மோவாயைக் கொழுந்தியாள் பாதத்தின் மேல் வைத்தது. ஒரு பெருமூச்சு. தூங்கிவிட்டது.

அடிபட்ட நாளிலிருந்து அது அப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை.

அதற்கு ஓட்டம் வேண்டியிருக்கவில்லை. ஆள் வேண்டியிருந்தது. வருகிறவர்களைத்தான் அதனால் தாங்க முடியவில்லை. வந்து உட்கார்ந்தவர்களை அல்ல. நான் தடை போட்டது மருந்துக்கு.

முந்தைய உத்தரவு ரத்து செய்யப்பட்டது. அட்டையைக் கிழித்தேன். கேட்டைத் திறந்தபடியே கயிற்றால் கட்டினேன் – இனி 'டங்' இல்லை. சிட்டாவுக்குக் கூடத்தில் பாய். வருகிறவர்களுக்கு ஒரே நிபந்தனை: நிற்கக் கூடாது, தரையில் அதன் பக்கத்தில் உட்கார வேண்டும். ஆள் போதவில்லை என்று நானே தெருவில் இறங்கி அழைத்தேன். அந்தோணி ஹெம்மிங் வேலையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"கடையில உக்காந்துக்கினு பண்றத இங்க உக்காந்துக்கினு பண்றேன். ஃபேனாவது ஓடுது." ஊசி ஏறி இறங்குவதைப் பார்த்தபடியே சிட்டா கண்ணயரும். எங்கள் வீட்டில் இத்தனை பேச்சு, இத்தனை சிரிப்பு... ரிடையர் ஆன பிறகு இதுதான் முதல் முறை. சூப்பில் பாதி நான் குடித்தேன் என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஆடி அமாவாசைக்கு மறுநாள் காலை, கட்டைப் பிரித்தார் டாக்டர். எலும்பு கூடியிருந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"இனிமே மெதுவா, பெல்ட் போட்டு நடக்க விடுங்க. காலை ஊனணும். சில நாய்ங்க வலி போனாலும் பயத்துல தூக்கிக்கினே திரியும்."

எங்கள் நாய் அந்தச் சில நாய்களில் ஒன்று. வீடு வந்ததும் கேட் அருகே இறக்கிவிட்டோம். மூன்று காலில் நின்றது. நான்காவது, மடித்தபடி அந்தரத்தில். அந்தோணி பொறையைக் காட்டினார். மூன்று காலில் போய்த் தின்றது. சரோஜா கொஞ்சினாள், மூன்று காலில் வாலாட்டியது. எலும்பு கூடியது என்று எழுதிக் கொடுத்தாயிற்று. அதை நாய் ஏற்க வேண்டாமா?

"பழகிடுச்சு போல" என்று சரோஜா மெல்லச் சொன்னாள்.

அப்போது தெருமுனையில் போஸ்ட்மேனின் வண்டி திரும்பியது.

சிட்டாவின் காது நிமிர்ந்தது. பெல்ட் என் கையை இழுத்தது. நான் பின்னாலேயே ஓடினேன் – இந்த வயதில். மெதுவாக என்று டாக்டர் சொன்னதை யார் யாருக்குச் சொல்வது? பலகையின் மேல் 'தடதட'. அதே பள்ளம், அதே வேகம், அந்தப் பக்கம்.

"சார், உங்க மனுவுக்குப் பதில் வந்துகீது. கையெழுத்து போடுங்க" என்றார் போஸ்ட்மேன், முகத்தைச் சிட்டா நக்க நக்க.

"இருப்பா. முதல்ல கால எண்ணிக்கிறேன்."

நான்கும் தரையில் இருந்தன. சரோஜா கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுது சிரித்துக்கொண்டிருந்தாள்.

கடிதத்தில் ஒரே வரி: பள்ளம் சம்பந்தமான தங்கள் மனு உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது. பலகை மேல் நின்றபடியே படித்தேன். பதில் கிடைத்த நாளைக் கடிதத்தின் ஓரத்தில் குறித்து வைப்பது முறை. குறித்தேன் –

ஆடி அமாவாசைக்கு மறுநாள், முற்பகல்.