நிழல் உடன்வரும் என்று எழுதினேன்

திருவண்ணாமலையில் பங்குனி வெயிலில் மலைவலம் வந்த ஒரு முதிய இணையர் வழி தவறவில்லை. இவ்வொரு செய்தியைப் பதிவு செய்வதற்காகவே இக்குறிப்பை எழுதுகிறேன். அவர்கள் வழி தவறிவிட்டார்கள் என்று அவர்களிடமே சொன்னவன் நான். அது பொய் என்று அறிந்தவர்கள் என்னையும் சேர்த்து மூவர். அவர்களுள் ஒருவர் இன்று இல்லை. எனக்கும் அகவை எண்பதைக் கடந்துவிட்டது. இதற்குமேல் காலம் தாழ்த்தினால் அப்பொய்யே உண்மையாக நிலைத்துவிடும்.

எங்கள் மாவட்டம் தனியாகப் பிரிந்த 1989ஆம் ஆண்டில் நான் கல்லூரி ஒன்றில் தமிழ் பயிற்றுவித்து வந்தேன். செங்கம் சாலையை ஒட்டிய தெருவில் குடியிருந்தேன். அடுத்த வீட்டுக்காரர் தம் மாடியில் சில அறைகள் எழுப்பித் தங்கும் விடுதி நடத்தினார். ஒருநாள் அவர் என்னிடம் வந்தார்.

"சார், வர்றவங்க எல்லாம் ஒரே கேள்வியத்தான் கேக்கறாங்க. எப்ப வரலாம், எப்படி நடக்கலாம், தண்ணி எங்க கெடைக்கும்னு. நீங்க ஒரு புத்தகமா எழுதிக் குடுத்துட்டீங்கன்னா நான் வாய மூடிக்குவேன்."

மகிழ்ந்து உடன்பட்டேன். அதற்காகவே வெவ்வேறு திங்களில் மும்முறை மலையைச் சுற்றினேன். மலையை வெறுங்காலோடு வலம் வருவதே எங்கள் ஊர் வழக்கம். பங்குனியில் சுற்றியபோது பாதையின் ஓரம் மண்ணாக இருந்தது. புளிய மரங்கள் இருபுறமும் கவிந்திருந்தன. அடி அண்ணாமலை என்ற சிற்றூருக்கு அருகே ஒரு குளத்தில் இறங்கி முகம் கழுவினேன். வீடு திரும்பி எழுதிய பகுதி இன்றும் எனக்கு மனப்பாடம்: "பங்குனித் திங்களின் முற்பகலில் மிதியடி களைந்து வலம் வருதல் இனிது. அடி அண்ணாமலைக்கு அண்மையில் உள்ள குளத்தின் தெளிநீர் களைப்பைப் போக்கும். புளிய மரங்களின் நிழல் வழிநெடுக உடன்வரும்."

'உடன்வரும்' என்ற சொல்லில் எனக்குப் பெருமிதம் இருந்தது. அதை மறைப்பானேன்? மாணவர்களிடமும் சொல்லிக் காட்டியிருக்கிறேன்.

அச்சிறு நூல் ஆண்டுதோறும் புரட்டாசியில் மறு அச்சாயிற்று. அச்சகத்திலிருந்து தாள்கள் வரும். சிவப்பு மையுடன் அமர்வேன். எங்கேனும் ஓர் அயற்சொல் தலைகாட்டினால் நீக்குவேன். ஒரு தொடர் தளர்ந்திருந்தால் இறுக்குவேன். தாளைத்தான் திருத்தினேன், பாதையைப் போய்ப் பார்க்கவில்லை. நிறைநிலா நாள்களில் ஊரே நடக்கும் மாலைப் பொழுதில், தரை குளிர்ந்த பின், நானும் நடப்பேன். பகல் நடையை அந்த முதலாண்டோடு விட்டுவிட்டேன். ஆதலால் என் பாதங்கள் எதையும் அறியவில்லை.

அறிந்தவர் ஒருவர் இருந்தார். அடி அண்ணாமலையில் வலப்பாதையை ஒட்டி மோர்க்கடை வைத்திருந்த அம்மையார் அவர். யாரோ விட்டுச் சென்ற என் நூலைக் கடைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஒரு மாலை என்னைப் பார்த்ததும் அதைச் சுட்டினார்.

"ஐயா, கொளம் வத்திப் போயி மூணு வருசம் ஆவுது. உங்க புத்தகத்துல மட்டும் ரொம்பி நிக்குது."

"மழை பெய்தால் நிறைந்துவிடும், அம்மா."

"எங்கங்க? பேஞ்சா ஒரே நாள்ல கொட்டிட்டுப் பூடுது. அப்புறம் எட்டிக்கூடப் பாக்கறதில்ல. வெயில் வேற ஜாஸ்தி ஆயிடுச்சு."

"'மிகுதி' என்று சொல்லலாமே."

"மிகுதின்னு சொன்னா கம்மியாயிடுங்களா?"

மோர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவ்வாண்டும் அப்பகுதி எழுத்து மாறாமல் அச்சேறியது.

ஊருக்கு வருவோரின் போக்கு என் கண்ணெதிரே மாறிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் கார்த்திகையில் வரும் வெளிநாட்டார் பங்குனி முடியும்வரை தங்குவர். தொண்ணூறுகள் கழிவதற்குள் அவர்கள் மாசியிலேயே பெட்டி கட்டி மலையூர்களுக்குப் போகத் தொடங்கினர். கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு வரும் குடும்பத்தினர், காலையில் நடந்த வழக்கத்தை விட்டு, பகல் முழுதும் அறைக்குள் கிடந்து பொழுது சாய்ந்தபின் புறப்பட்டனர். மோர்க்கடை அம்மையாரும் காலைக் கடையை மாலைக் கடையாக மாற்றிக்கொண்டார். அவரவர் உடம்பு சொன்னபடி எல்லோரும் நாளையும் பொழுதையும் மாற்றிக்கொண்டார்கள். மாறாமல் நின்றது என் நூல் ஒன்றே.

விடுதிக்காரர் ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார், பங்குனியில ஃபேன்தான் சுத்துது, ஆளு இல்ல. அந்தப் பங்குனிய எடுத்துட்டு தைன்னு போட்டுடலாமா?"

அப்படி மாற்றினால் தொடரின் ஓசை கெடும் என்றேன். அவர் பள்ளிப் படிப்போடு நின்றவர், என்னிடம் வாதிடவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பின் மழை பொய்த்த ஆண்டுகளுள் ஒன்றில், பங்குனியில், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து அந்த இணையர் விடுதிக்கு வந்தனர். கணவர் அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மனைவிக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய். பாதங்களில் உணர்ச்சி குறைந்திருந்தது. வெறுங்காலோடு வாசலுக்குக்கூடப் போகக் கூடாது என்பது மருத்துவர் அவருக்கு இட்ட கட்டளை. உறவினர் ஒருவர் கொடுத்த என் நூலைப் படித்துத்தான் அவர்கள் பங்குனியைத் தேர்ந்தெடுத்திருந்தனர். பொழுது சாய்ந்தபின் போகுமாறு விடுதிக்காரர் சொல்லியிருக்கிறார். அதற்கு அந்த அம்மையார், "எழுதினவர் தமிழ் வாத்தியாராமே, தெரியாமலா எழுதுவார்? நிழல் கூடவே வரும்னு போட்டிருக்கே" என்று விடையளித்துவிட்டு, செருப்பை அறையிலேயே விட்டுச் சென்றாராம்.

அப்போது வலப்பாதை அகன்ற தார்ச்சாலை ஆகியிருந்தது. புளிய மரங்கள் பல இடங்களில் இல்லை. குளத்தைத் தேடிக்கொண்டே அவர்கள் அடி அண்ணாமலைவரை நடந்திருக்கிறார்கள். அங்கே நடந்ததை மோர்க்கடை அம்மையார் பின்னாளில் சொன்னார். பானை கழுவுவதற்காக அந்த நேரத்தில் அவர் கடையில் இருந்தது நற்பேறு.

"தார்ல அந்தம்மா கால் தடம் ஈரமா இருந்துச்சுங்க. எங்கியோ தண்ணியில கால வச்சிட்டு வராங்கன்னு நெனச்சேன். அப்புறந்தான், இங்க தண்ணியே இல்லியே, இது இன்னா ஈரம்னு கிட்டப் போயிப் பாத்தேன். தோலு கயண்டு கெடக்குது. அந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியல. மோர் இருக்காம்மான்னு கேட்டுக்கினு நிக்கிறாங்க."

அவர்தாம் ஈரத்துணி சுற்றி, ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பினார்.

விடுதிக்காரர் என்னை அழைத்துப் போனார். கட்டிலருகே நின்ற கணவரின் கையில் என் நூல் இருந்தது. என்னைக் கண்டதும் கைகூப்பினார். அவர் சினந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"ஐயா, நீங்கதான் எழுதினதுன்னு சொன்னாங்க. ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க. நாங்கதான் எங்கேயோ தப்பாத் திரும்பிட்டோம் போலிருக்கு. அந்தக் குளம் எந்தப் பக்கங்க?"

விடுதிக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் சொன்னேன்: "சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. நீங்கள் கவனியாமல் கடந்திருப்பீர்கள்."

கட்டிலில் இருந்த அம்மையார் கணவரைப் பார்த்தார். "நான் சொன்னேன்ல, அந்த வளைவுல உள்ளே போயிருக்கணும்னு. நீங்க எங்கே கேட்டீங்க?"

"என் தப்புதான்" என்று அவர் தலைகுனிந்தார்.

அந்தக் குனிந்த தலையை நிமிர்த்த எனக்கு ஒரு சொல் போதுமாயிருந்தது. அச்சொல் என் நாவில் வரவில்லை. சொல்லையே தொழிலாகக் கொண்டவன் நான்.

வெளியே வந்ததும் விடுதிக்காரர் வண்டியைக் கிளப்பிக்கொண்டே, "கொளம் இருக்கு சார். தண்ணிதான் இல்ல" என்றார். அதற்குப் பின் என்றுமே அதைப் பற்றி அவர் பேசவில்லை. அந்த அம்மையாருக்குக் கால்விரல்கள் இரண்டை எடுக்க வேண்டியதாயிற்று. சில கிழமைகள் கழித்து அவர்கள் ஊர் திரும்பினர்.

அவர்கள் சென்ற மறுநாள், அதே முற்பகல் நேரத்தில், வெறுங்காலோடு புறப்பட்டேன். முழுவதும் நடந்து தீர்ப்பது என் எண்ணம். நூறு அடி நடப்பதற்குள் துள்ளிச் சாலையோரத்துக்கு ஓடினேன். துணிப்பையிலிருந்து செருப்பை எடுத்து அணிந்துகொண்டேன். ஆம், அதைப் பையில் எடுத்துச் சென்றிருந்தேன். அடி அண்ணாமலைக்கு அருகே குளத்தைப் பார்த்தேன். அடித்தரை வெடித்துக் கிடந்தது. நடுவில் ஆடுகள் நின்றன.

அன்றும் பானை கழுவுவதற்காகக் கடை திறந்திருந்தது. அம்மையார் என் காலைப் பார்த்தார்.

"செருப்பு போட்டுக்கினு வந்தது நல்லதுங்க." பிறகு மோரை நீட்டியபடி கேட்டார்: "அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

"எதை?"

"கொளத்துல தண்ணி இல்லன்னு."

நான் குவளையை வாங்கி அதற்குள் பார்த்தேன். அவர் "குடிங்க" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த பதிப்பில் அப்பகுதியை நீக்கினேன். அந்த இடத்தில், "மாசி முதல் ஆடிவரை பகலில் நடக்க வேண்டாம். காலில் நோய் உள்ளவர்கள் எப்போதும் செருப்பு அணியுங்கள். குளத்தில் தண்ணீர் இல்லை" என்று அச்சிடச் செய்தேன். ஓசை ஏதும் இல்லாத தொடர்கள். பருவநிலை மாறுகிறது என்று செய்தித்தாள்கள் விரிவாக எழுதத் தொடங்கியதைப் பின்னரே நான் படித்தேன். அன்றைய கொடுமையில் வெப்பத்தின் பங்கு எவ்வளவு, தாரின் பங்கு எவ்வளவு, வெட்டுண்ட மரங்களின் பங்கு எவ்வளவு என்று பகுத்துரைக்கும் அறிவு எனக்கில்லை. என் பங்கை மட்டும் அறிவேன்.

சில திங்கள் கழித்து அந்தக் கணவரிடமிருந்து மடல் வந்தது. மனைவி தடியூன்றி நடக்கிறாராம். வழி தவறியதைச் சொல்லி இன்னும் கணவரைக் கடிந்துகொள்கிறாராம். அடுத்த முறை விசாரித்து அந்தக் குளத்தைக் கண்டுவிடுவார்களாம். மும்முறை விடை எழுதினேன். மூன்றிலும் நயமான தொடர்கள் இருந்தன. வேண்டிய ஒரு தொடர் மட்டும் இல்லை. எதையும் அனுப்பவில்லை. பின்னர் வீடு மாறியபோது மடலும் அதிலிருந்த முகவரியும் தொலைந்தன.

எனவே இதைப் படிப்போரிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உள்ளன. அந்நாளில் அப்பாதையில் நடந்தவர்கள், நான் குறித்த காலமோ இடமோ பிழையாயின் திருத்துங்கள். இம்முறை ஓசை கெடும் என்று மறுக்க மாட்டேன். தடியூன்றிய ஒரு முதிய அம்மையார், தம் கணவர் திருவண்ணாமலையில் தவறாகத் திரும்பிய கதையை எங்கேனும் சொல்லக் கேட்டால், அவரையும் திருத்துங்கள். அவர் கணவர் சரியாகத்தான் நடந்தார்.