பதின்மூன்று வரி

பொம்மசந்திராவில் பித்தளைப் பாகம் கடையும் ஒரு சின்னப் பட்டறை. அங்கே ஓடும் கம்ப்யூட்டர் லேத்துக்குப் பக்தவச்சலம்தான் ஆள். கோலார் தங்கவயல்காரர், படிப்பு எட்டாவதோடு சரி. மற்ற மிஷின்களெல்லாம் புதுசு, கம்பெனிக்காரனே வந்து பார்த்துக்கொள்வான். இந்தக் கிழட்டு லேத் இருக்கும்வரை அவருக்கு வேலை இருக்கும். அது அவருக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும்.

ஆயுத பூஜை லீவு முடிந்து திங்கட்கிழமை ஸ்விட்சைப் போட்டார். திரை வந்தது, மோட்டார் அசையவில்லை. மோட்டாரை ஓட்டும் கார்டு கிடைக்கவில்லை என்று சிவப்பில் ஒரு வரி. சர்வீஸ் கம்பெனி சிந்துவுக்குப் போன் போட்டார்.

"அண்ணா, நான் சொல்ற எழுத்த அப்படியே அடிங்க. லிஸ்ட் வருதா? எத்தனை வரி?"

விரல் வைத்து எண்ணினார். "பதிமூணு."

"பதினாலு வரணுமே. மோட்டார் கார்டு கெர்னல் கண்ணுலயே படல."

கெர்னல் என்பது கம்ப்யூட்டருக்கு அடியில் ஓடும் மென்பொருள். எந்தெந்தச் சாமான் மாட்டியிருக்கிறது என்று ஆள் கணக்கு எடுப்பது அதன் வேலை. மறுபடி தேடச் சொல்லி ஒரு கட்டளை அடிக்க வைத்தாள். பதின்மூன்று. அணைத்துப் போட்டார். பதின்மூன்று.

"உள்ள எதையாவது தொட்டீங்களா?"

"இல்லம்மா" என்றார். சொன்னபிறகுதான் பூஜை ஞாபகம் வந்தது.

வருஷாவருஷம் பூஜைக்கு வெளியே துடைத்து, தகரத்தில் பொட்டு வைப்பதோடு நிறுத்திக்கொள்வார். இந்த வருஷம் தூசி அதிகம் என்று பெட்டியைத் திறந்தார். மோட்டார் கார்டு என்கிற பச்சைப் பலகையை உருவி ஈரத்துணியால் துடைத்து, எல்லாவற்றையும் ஓட்டுவதே இதுதானே என்று அதற்கும் சந்தனம் குழைத்து வைத்தார்.

இப்போது கழற்றிப் பார்த்தால், சந்தனம் வழிந்து சில்லுகளின் காலிடுக்கில் காய்ந்திருந்தது. ஒரு மூலை கருத்திருந்தது. முனையை ரப்பரால் தேய்த்தார். வேறு ஸ்லாட்டில் சொருகினார். பதின்மூன்று.

அதற்குள் மேனேஜர் ராஜேஷ்குமார் வந்துவிட்டார். "போன வாரம் அந்தப் பொண்ணு அப்டேட் போட்டாளே, அதான் கெடுத்திருக்கு. கம்ப்ளெயிண்ட் எழுதறேன். பக்தா, நீ சைன் போடு."

போன் ஸ்பீக்கரில்தான் இருந்தது; சிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

பக்தவச்சலம் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டார். "அப்டேட் இல்ல சார். நான்தான் கார்டுல சந்தனம் வச்சேன். ஈரம் காயறதுக்குள்ள கற்பூரம் காட்ட மிஷினை ஆன் பண்ணேன்."

"கார்டுலயா? யாராச்சும் மூளைக்குப் பொட்டு வைப்பாங்களாய்யா?"

"தூசியா இருந்துச்சு சார்."

"அண்ணா," என்றாள் சிந்து மெதுவாக, "டிரைவர் சாஃப்ட்வேர் கோளாறுன்னா நான் இங்கிருந்தே சரி பண்ணுவேன். கார்டே பதில் சொல்லலன்னா என்ன பண்றது? இந்த மாடல் இப்ப வர்றதில்ல. பழசு எங்கயாவது இருக்கான்னு கேக்கறேன்."

"கேளும்மா."

"கேக்கறேன். ஆனா நம்பாதீங்க."

ராஜேஷ்குமார் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஓரமாய்ப் போய் யாரோடோ கன்னடத்தில் பேசினார். பழைய மிஷின் எடுக்கிற ஆள் என்பது கேட்கும்போதே தெரிந்தது. ஷட்டர் வழியாக முழுசாய்ப் போகுமா, கழற்ற வேண்டுமா என்று அந்த ஆள் கேட்டிருக்கவேண்டும். மேனேஜர் அளவு டேப்போடு திரும்பி வந்து, லேத்தின் ஒரு முனையில் நின்றுகொண்டு டேப்பின் நுனியை அவரிடம் நீட்டினார்.

பக்தவச்சலம் போய்ப் பிடித்துக்கொண்டார்.