விசாரிக்கப் போய் விருந்து சாப்பிட்டேன்

விக்டோரியா காலத்து லண்டன் குறுநாவல் ஒன்றைத் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் பதினெட்டு வருடமாக நடத்துகிறேன். அதில் ஒரு குமாஸ்தா குடும்பம் வரும். பண்டிகைக்கு ஒரு சின்ன வாத்தை வீடே பங்கிட்டுத் தின்று, வயிறு நிறைந்துவிட்டது என்று மகிழும். கசக்கிப் பிழியும் முதலாளியையும் வாழ்த்தும். அந்த இடத்தை வகுப்பில் இரண்டு முறை வாசித்துக் காட்டுவேன். எவ்வளவு தோதான ஏழைகள்! அழுக்கில்லை, கோபமில்லை, வாசிக்கிறவரிடம் எதையும் கேட்பதுமில்லை. இப்போது எரிச்சலாக வருகிறது. அப்போதெல்லாம் அழுதேன்.

மூன்று வருடத்துக்கு முன் பெண்கள் விடுதியில் ஒரே ஓர் இலவச இடம் மிச்சமிருந்தது. கேட்டிருந்தவர்களில் ஒருத்தி என் மாணவி, சாணார்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். விடியுமுன் அம்மாவோடு மல்லிகை பறித்துவிட்டு பஸ் பிடித்து வருவாள். அதற்குள் முதல் வகுப்பு முடிந்திருக்கும். வருகை குறைந்து, பரீட்சை எழுத விடமாட்டார்கள் என்ற நிலை. விடுதி கிடைத்தால்தான் படிப்பு. வீட்டைப் பார்த்து அறிக்கை எழுதும் பொறுப்பு எனக்கு.

வருகிறேன் என்று முந்தின நாளே சொல்லி அனுப்பினேன், பெரிய மனுஷி மாதிரி. போனால் வாசலில் கோலம், உள்ளே புது பிளாஸ்டிக் சேர், மேசை ஃபேன். பார்த்துவிட்டு எழுந்தேன். அவள் அம்மா விடவில்லை.

"செத்த நேரம் இருங்க டீச்சர். வீடு தேடி வந்தவுகள வெறும் வயித்தோட அனுப்புனா ஊரு காறித் துப்பும்."

நாட்டுக்கோழிக் குழம்பு. அப்படியொரு ருசி. மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அம்மாவும் மகளும் நின்றுகொண்டே பரிமாறினார்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நான் ஊர் திரும்பியதும், "வசதிக்குக் குறைவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இடம் வேறொருத்திக்குப் போயிற்று.

பட்டியல் ஒட்டிய அன்று அவள் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். அழவில்லை.

"சேரும் ஃபேனும் பக்கத்து வீட்டுது மேடம். கோழி மட்டுந்தான் எங்களுது. அது ஒண்ணுதான் இருந்துச்சு."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

"சாப்புட்டுக்கிட்டு இருக்கவுககிட்ட எப்பிடி மேடம் சொல்றது?"

முதல்வர் அறை நாலு எட்டில் இருந்தது. தப்பாக எழுதிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பட்டியலை மாற்றியிருப்பார். ஆனால் கோழிக் குழம்பில் ஏமாந்தவள் என்று சக ஆசிரியர்கள் வருடக்கணக்கில் சிரிப்பார்களே. "அடுத்த வருஷம் பாப்போம்மா" என்றேன். அடுத்த வருடம் அவள் கல்லூரியில் இருக்கமாட்டாள் என்று இருவருக்கும் தெரியும்.

அந்த மாதமே நின்றுவிட்டாள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயரை அடித்தது நான்தான். சொல்லவே நாக்கூசுகிறது, இனி அவள் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது.