நான் போட்ட நாத்தனார் முடிச்சு

என் சித்திக்கு நான்தான் நாத்தனார். முறை தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். என்ன செய்வது, ஓசூர் மலைக்கோயிலில் சாமி முன்னால் அப்படித்தான் முடிவானது. அப்போது நான் இரண்டாம் வகுப்பு.

சித்தி, அம்மாவின் தங்கை, தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாள். மாப்பிள்ளை அங்கேயே மெஷின் ஓட்டுகிறவர். எல்லைக்கு அந்தப் பக்கம், ஆனேக்கல் அருகே ஒரு கன்னடக் குடும்பம். அவர் வீட்டில் இந்தக் கல்யாணத்துக்குச் சம்மதமில்லை. நாங்கள் உத்தனப்பள்ளியிலிருந்து ஒரு வேன் நிறையப் போய் இறங்கினோம். அவர் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு படிக்கட்டு ஓரமாகத் தன்னந்தனியாக நின்றிருந்தார். தங்கை மட்டும் வருவதாகச் சொல்லியிருந்தாளாம்.

நல்ல முகூர்த்த நாள். மாலையும் கழுத்துமாக ஜோடிகள் வரிசையில் நின்றார்கள். மாப்பிள்ளை மட்டும் அடிக்கடி சுவரோரம் போய்க் கீழே பெங்களூர் ரோட்டைப் பார்த்துவிட்டு வந்தார். லாரி வேடிக்கை பார்க்கிறார் என்று நினைத்தேன். எனக்கும் லாரி பிடிக்கும் என்பதால் அவரை ரொம்பப் பிடித்துப்போனது.

“வந்துருவா அக்கா. நேத்துகூட போன்ல பேசினா,” என்றார் அம்மாவிடம்.

“வரட்டும், வரட்டும். நமக்கென்ன அவசரம்,” என்ற அம்மா, பின்னால் நின்ற ஜோடியை முன்னால் போகச் சொன்னாள். அதற்கடுத்த ஜோடியையும் விட்டாள். கடைசியில் குருக்களே எங்களைக் கூப்பிட்டுவிட்டார்.

தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டால், மற்ற இரண்டையும் அவர் கூடப்பிறந்தவள் போட வேண்டும். அது எங்கள் வழக்கம்.

“மாப்பிள்ளைக்கு அக்கா தங்கச்சி யாரும்மா? பின்னால வந்து நில்லுங்க. நேரம் போவுது,” என்றார் குருக்கள்.

சித்தி குனிந்த தலையை நிமிர்த்தவேயில்லை. பொய் சொன்னால் என் தொடையைத் திருகுகிற அம்மா, என்னைப் பிடித்து முன்னால் தள்ளி, “இதோ, இவதாங்க தங்கச்சி,” என்றாள்.

எனக்குத் தெரிந்த ஒரே முடிச்சு ஷூ லேஸ் முடிச்சுதான். அதையே போட்டேன், இரண்டு காது வைத்து. குருக்கள் சிரித்துவிட்டார். அம்மா சரிசெய்யக் கை நீட்டினாள்.

“இருக்கட்டும் அக்கா. அவளே போடட்டும்,” என்ற மாப்பிள்ளை, என் முடிச்சைப் பிரித்து எப்படிப் போடுவதென்று காட்டினார். காட்டும்போதே இரண்டு முறை படிக்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பயந்த சுபாவம் போல என்று நினைத்து, “பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல,” என்று தைரியம் சொன்னேன். பிறகு நான் இழுத்த இழுப்பில் சித்தி கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

சாப்பாடு மலைக்குக் கீழே ஒரு ஓட்டலில். கை கழுவி வந்ததும் மாப்பிள்ளை என்னிடம் ஒரு துணிக்கடைப் பையைக் கொடுத்தார். முடிச்சுப் போட்ட தங்கைக்கு அண்ணன் கொடுக்கும் சீராம். ஆசையாகப் பிரித்தேன். உள்ளே பச்சைப் பட்டுப்புடவை, கூடவே தைத்து முடித்த ரவிக்கை. கவுன் இல்லையே என்று எனக்கு அழுகை முட்டியது. ரவிக்கையை மேலே வைத்துப் பார்த்தேன். என்னைப் போல இரண்டு பேர் நுழையலாம்.

“சித்தப்பாவுக்கு அளவே தெரியலம்மா,” என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

யாரும் சிரிக்கவில்லை. அம்மா அதை என்னிடமிருந்து வாங்கி, மடிப்புக் கலையாமல் பையில் திரும்ப வைத்தாள். அளவு சரியாகத்தான் கொடுத்திருந்தார் என்பது அன்று எனக்குப் புரியவில்லை.