நாற்பத்தொன்றாம் பெட்டியின் காலுறை

வண்டி வாய்க்கால் கரையில் திரும்பும்போதே இடோயா எச்சானிஸ் படிவத்தை நிரப்பத் தொடங்கிவிடுவாள். முழங்காலின்மேல் அட்டை, அதன்மேல் தாள். வண்டி எவ்வளவு குலுங்கினாலும் எழுத்து அச்சுக் கோத்ததுபோல் நிற்கும். கூட்டுப் பெட்டியின் எண், நாள், வெப்பம் எழுதிய பின் சரிக்குறிகள்: துளையை அடைத்தாயிற்று, குஞ்சுகளைத் திரும்ப வைத்தாயிற்று, அடைப்பை எடுத்தாயிற்று. செய்யவேண்டியதை முன்பே குறித்துவிட்டால் ஏணியின்மேல் அளவெடுக்க நேரம் மிஞ்சும் என்பது அவள் வாதம். "ஆச்சுன்னு வச்சுக்கோங்க, சார்" என்பாள். வண்டியோட்டும் தன்னார்வலரும் தாளின் அடியில் ஒப்பமிட வேண்டும் என்பது விதி. அவள் நீட்டுவாள், நானும் இட்டுவிடுவேன்.

வயது இருபது. அமெரிக்க மேற்கின் ஜோர்டன் பள்ளத்தாக்கில் ஆட்டுப்பட்டி வைத்திருக்கும், ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய பாஸ்க் இனக் குடும்பத்தின் மூத்த மகள். அக்குடும்பத்திலிருந்து கல்லூரிக்குள் நுழைந்த முதல் ஆள். இளநிலை மாணவர்களைக் கோடையில் பத்து வாரம் தங்கவைத்து இரைகொல்லிப் பறவைகளை ஆராயப் பழக்கும் திட்டத்திற்கு இவ்வாண்டு தேர்வான எட்டுப் பேரில் ஒருத்தி. கூனா என்ற ஊரைச் சுற்றியுள்ள குதிரைமசால் தீவன வயல்களின் ஓரத்தில், கம்பங்களில் மாட்டிய மரப்பெட்டிகளில் சிறு வல்லூறுகள் குஞ்சு பொரிக்கின்றன. அவற்றை எடை போட்டு, சிறகை அளந்து, காலில் வளையம் இடுவது அவள் வேலை.

குஞ்சைப் பிடிக்கும் கை ஆட்டுக்குட்டியைப் பிடித்துப் பழகிய கை. இறுக்காது, நழுவவும் விடாது. அது நகத்தால் கீறினால், "கோவமா? வரட்டும். றெக்கைய மட்டும் நீட்டு, கண்ணு" என்பாள். மதிய உணவை நின்றபடியே முடிப்பாள். ரொட்டிக்குள் வீட்டிலிருந்து வந்த காரத் தொத்திறைச்சி இருக்கும். எச்சம் காய்ந்த தொப்பியைக் கோடை முழுவதும் துவைக்கவில்லை. உடன் பயிலும் கோல்பி, அந்தத் தொப்பியைப் பார்த்தே பெட்டிக்கு எத்தனை குஞ்சு என்று எண்ணிவிடலாம் என்பான். அவன் தன் குறிப்பேட்டை முதல் வாரமே வாய்க்காலில் தவறவிட்டவன். "உன் நோட்ட மீனுங்க படிச்சு முடிச்சிருச்சான்னு கேட்டுட்டு வாடா" என்பது அவள் பதில். அவன் சிரிப்பான். கேலியைப் பொறுப்பதில் அவனுக்கு நிகரில்லை.

பெட்டியை அணுகுமுன், துணி திணித்த பழைய காலுறை ஒன்றைக் கழியால் தள்ளித் துளையை அடைக்க வேண்டும். அளவெடுத்துக் குஞ்சுகளை உள்ளே வைத்த பிறகும் ஐந்து நிமிடம் அடைப்பு இருக்க வேண்டும். இல்லையேல் மிரண்ட குஞ்சுகள் பறக்கக் கற்குமுன்பே வெளியே குதித்துவிடும். பிறகு கீழிருந்து அதில் கட்டிய கயிற்றை இழுத்தால் காலுறை விழும்.

ஜூலை ஒன்பதாம் நாள், நாற்பத்தொன்றாம் பெட்டியில் ஐந்து குஞ்சுகள். அவை அடங்கட்டும் என்று காத்திருந்தபோது வயலைச் சுற்றிவந்து நீர் தெளிக்கும் நீண்ட குழாய் வண்டிப் பாதையை நெருங்கியது. விரைந்து ஏறும்படி நான் சொன்னேன். அவள் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். தாளில் எல்லாச் சரிக்குறிகளும் இருந்தன.

மறுநாள் காலை வண்டியில் சாமான் ஏற்றுகையில் கூடையில் ஆறுக்குப் பதில் ஐந்து காலுறைகளே இருந்தன. இருவரும் பார்த்தோம். "அளவுகோல மறந்துட்டேன், சார். நாப்பத்தொண்ணுக்குப் போகணும்" என்றாள். அளவுகோல் அவள் சட்டைப்பையிலேயே துருத்திக்கொண்டிருந்தது. நான் வண்டியைக் கிளப்பினேன்.

தாய்ப்பறவை வயல் எலியை அலகில் கவ்வியபடி கம்பியில் உட்கார்ந்திருந்தது. இடோயா கயிற்றை இழுத்துவிட்டு ஏணியில் ஏறினாள். மூன்று குஞ்சுகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. இரண்டு செத்துக் கிடந்தன. அவள் மூன்றையும் எடை போட்டுக் குறித்துக்கொண்டு இறங்கிவந்து, இறப்பின் காரணம் என்ற கட்டத்தில் 'வெயில்' என்று எழுதி என்னிடம் நீட்டினாள். நான் ஒப்பமிட்டேன்.

திட்டத்தை நடத்தும் டாக்டர் வெர்னா டோல்மன் அன்று பிற்பகல் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார். வண்டிச் சாவியை ஒப்படைக்க நானும் அங்கே நின்றிருந்தேன். "மிச்சம் மூணும் எடை குறைஞ்சிருக்கே. வெயில் மட்டும்னா தாய் ஊட்டியிருக்குமே, இடோயா?" என்றார். கேட்ட பிறகுதான் அவள் நடந்ததைச் சொன்னாள். என் பங்கை நானும் சொன்னேன், அவளுக்குப் பிறகு. வெர்னா திட்டவில்லை. "கவனிப்பாளர் தவறுன்னு மாத்தி எழுது. பேர் வேண்டாம். ஆனா கடைசி நாள் போஸ்டர்ல அந்த வரி இருக்கணும்" என்றார்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் வெர்னா, யாருடைய பெயரையும் பெட்டியின் எண்ணையும் குறிப்பிடாமல், ஓர் அடைப்பு எடுக்கப்படாமல் இரண்டு குஞ்சுகள் இறந்ததைத் தெரிவித்து, இனிச் செய்த பிறகே குறியிட வேண்டும் என்றார். எல்லோரும் கோல்பியைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்று முதல் அவனுக்குக் 'காலுறை' என்று பெயர். அதற்கும் சிரித்தான். ஆனால் ஞாயிறன்று மிதிவண்டியில் தனியே போய்த் தன் பெட்டிகள் பதினெட்டையும் பார்த்துவந்தான். திங்களன்று வண்டியின் நிழலில், "டாக்டர்கிட்ட கேக்கவும் பயமா இருக்கு. நானாத்தான் இருக்கும்" என்றான். பக்கத்தில் நின்ற இடோயா ரொட்டியை மென்றுகொண்டே இருந்தாள். ஒரு கடிக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. உண்மை அறிந்த நானும் தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் இப்படிப் போயிற்று. அவள் இப்போது ஒவ்வொரு கயிற்றையும் இழுத்த பிறகும் கம்பத்தடியில் சிறிது நின்று துளையைப் பார்த்தாள். கோல்பியைக் கேலி செய்வதை விட்டுவிட்டாள். தன் மேல் அவளுக்கு என்ன கோபம் என்று அவன் என்னிடம் கேட்டான்.

கடைசி நாள், ஆய்வு மையத்தின் கூடத்தில் எட்டுப் பேரின் ஆய்வை விளக்கும் சுவரொட்டிகள் தொங்கின. இடோயாவும் கோல்பியும் தங்கள் பெட்டிகளைச் சேர்த்து ஒரே சுவரொட்டியாக ஆக்கியிருந்தார்கள். அவள் தந்தை செலெஸ்டினோ சலவைச் சட்டையில், இரண்டு மணிநேரம் வண்டியோட்டி வந்திருந்தார். எட்டுப் பேரில் ஒருத்தி தம் மகள் என்று காப்பிக் கோப்பையுடன் போனவர்களிடமெல்லாம் அறிவித்தார். பிறகு விரலை ஓட்டி வரிவரியாகப் படித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"கவனிப்பாளர் தவறு, ரெண்டு. அப்படின்னா என்னம்மா?"

கோல்பிதான் சொன்னான்: "யாரோ கூட்டு வாசல அடைச்சுட்டுத் திறக்க மறந்துட்டாங்க, சார். உள்ளேயே செத்துப்போச்சு."

"நம்ம பட்டியில எவனாவது இப்படிச் செஞ்சா அன்னிக்கே மூட்டையக் கட்டச் சொல்லிருவேன்." செலெஸ்டினோ உரக்கச் சிரித்தார். "யாருப்பா அந்த மகாபுத்திசாலி?"

அருகில் நின்ற மாணவர்களும் சிரித்தார்கள். கோல்பி உள்ளங்கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, "அது வந்து, சார்..." என்று தொடங்கினான்.

இடோயாவின் வலக்கை மேலே எழுந்தது. முதலில் தோள்வரை, பிறகு காதுக்கு மேலே, விரல்கள் விரிந்தபடி. கண்கள் தரையில் இருந்தன. மகள் யாரையோ அழைக்கிறாள் என்று எண்ணிச் செலெஸ்டினோ கூடத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒருவரும் வரவில்லை. அவர் மறுபடி திரும்பியபோதும் அந்தக் கை இறங்கவில்லை.