சேற்றில் நான்கு கால்கள்

முதலில் தோளைத்தான் கொடுப்பாள் செங்கம்மாள். ஏரிச் சேற்றில் கால் வைப்பதெல்லாம் அப்புறம். புருஷன் அப்பாவுவின் இடது தோளில் தன் வலது தோளைப் பதித்து, பாதி உடம்பை அவன்மேல் போட்டுவிடுவாள். அவனும் அதே பாதியை இவள்மேல் போடுவான். சுண்ணாம்புக்குளம் ஊர்க் கரையிலிருந்து பார்த்தால், ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்த இரண்டு பனைமட்டைகள் நகர்ந்து போவதுபோல் இருக்கும்.

நண்டு பிடிக்கப் போகிறவர்கள் அங்கே கோலூன்றித்தான் நடப்பார்கள். முழங்கால்வரை சேறு, நிமிர்ந்து நின்றால் கால் இன்னும் இறங்கும். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் கோல் கிடையாது. அவள் தாங்கும்போது அவன் காலை உருவுவான், அவன் தாங்கும்போது அவள். யார் முதலில் என்று சொல்லிக்கொள்வதில்லை. பேச்செல்லாம் கரையேறிய பிறகுதான். ஒருமுறை அப்பாவு தும்மியதில் இரண்டு பேரும் நண்டுக்கூடையோடு விழுந்தார்கள். "தும்மறதுக்கு மின்னாடி ஒரு வார்த்த சொல்ல மாட்டியா?" என்று ஆறு மாதம் ஏசினாள்.

தரையிலும் வலப்பக்கம் சாய்ந்தேதான் நடப்பாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரிமேல் சாய்ந்து திட்டு வாங்குவாள். "இன்னா பண்றது, இந்தப் பக்கம் எனக்கு ஆள் கீது" என்பாள்.

எழுபத்து நாலாம் வருஷம், ஏரியில் இறங்க முடியாத மழையால் பதினொரு நாள் அடுப்பு எரியாமல் கிடந்த பிறகு, அப்பாவு கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போனான். ஒரு வாரம் பார்த்துவிட்டுத்தான் வேலை நிச்சயம். மூன்றாம் நாளே அதிகாரி கேட்டார்: "ஏம்பா, தூணை நீ தாங்கறியா, தூண் உன்னத் தாங்குதா?" இன்னொரு தரம் சாய்ந்து நின்றால் வரவே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் செங்கம்மாள் அவனை நிறுத்தித் தோள் கொடுத்தாள்.

"இப்ப நான் நவுறப் போறேன். நீ அப்டியே நில்லு."

"விழுந்துடுவேன்மே."

"விழு. கீழ இன்னா சேறா கீது?"

வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுப் பூவம்மாள், "இன்னாடி, புருசனுக்கு நடவண்டி ஓட்டக் கத்துக் குடுக்கறியா?" என்றாள்.

"உன் ஊட்டுக்காரரையும் அனுப்பு, சேந்து கத்துக்கட்டும்."

மூன்று முறை தடுமாறினான். நான்காம் முறை அவள் விரற்கடை விரற்கடையாகத் தோளை எடுத்தாள். இருபது வருஷமாகச் சேற்றில் செய்யத் துணியாத காரியம் அது. அவன் நின்றான். அவள்தான் சட்டென்று சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

வேலை நிச்சயமாயிற்று. செங்கம்மாள் பூவம்மாளிடம் ஒரு கோலை வாங்கிக்கொண்டு தனியாக ஏரிக்குப் போனாள். கோல் எப்படி என்று பூவம்மாள் கேட்டதற்கு, "நல்லாத்தான் தாங்குது. எம்மேல சாய மாட்டேங்குது, அதான்" என்றாள்.

முதல் லீவு நாளில் அப்பாவு வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு கூடவே இறங்கினான். வழக்கம்போல் தோளைக் கொடுத்தாள். அவன் கம்பெனி வாசலில் நிற்பதுபோல் விறைப்பாக நின்றான். இருவர் கால்களும் இறங்கிக்கொண்டிருந்தன.

சேற்றில் பேசக்கூடாதென்ற வழக்கத்தை அன்று அவளே மீறினாள். "வாட்ச்மேன் சார், கேட்டு தொறக்குமா?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது; உடம்புதான் வளையவில்லை.

செங்கம்மாள் கையிலிருந்த கோலைக் கரைப்பக்கம் வீசியெறிந்தாள். முழு உடம்பையும் அவன்மேல் போட்டுவிட்டு, அவன் தோள் இறங்கி வருமுன்பே தன் காலை உருவினாள்.